தொழிலில் தனி வழி, கல்யாணத்தில் ஊர் வழி: கொங்குப் படங்களின் ஒற்றை மனிதர்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் திரைப்பட மன்றம் நடத்தும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: கொங்கு மண்ணில் நடக்கும் வெற்றிப் படங்களில் நாயகன் ஊரை எதிர்ப்பவனைப்போலத் தொடங்கி, கடைசியில் அதே ஊரோடு நின்று கும்பிடு போடுகிறானே, ஏன்? மாணவர்களைப் பேசவைக்க எந்தப் படங்களைத் திரையிடலாம்?

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாயகர்கள் ஊரை எதிர்ப்பதே இல்லை. ஊரில் இருக்கும் ஒரு கெட்டவனையோ, பிடிவாதம் பிடித்த தகப்பனையோதான் எதிர்க்கிறார்கள். அந்த ஆள் திருந்தினாலோ செத்தாலோ சண்டை முடிந்துவிடும். ஊர் இருந்தபடியே இருக்கும். இன்னொன்றும் உண்டு. தனித்து நடப்பவனை எங்கள் பக்கம் எல்லா இடத்திலும் தடுப்பதில்லை. யாரும் போகாத தொழிலில் இறங்கிச் சம்பாதித்துவிட்டால் கெட்டிக்காரன் என்று ஊரே மெச்சும். கல்யாணம், சோறு, உட்காரும் இடம் ஆகிய மூன்றில் கை வைத்தால்தான் முகம் மாறும். வெற்றிப் படங்கள் தொழிலைக் கொண்டாடிவிட்டு மற்ற மூன்றின் பக்கம் போகாமல் நழுவிவிடுகின்றன. போன படங்கள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கொங்கு என்றதும் சினிமா நமக்குக் காட்டிப் பழக்கிய காட்சி ஒன்றுதான். ஆலமரம், மேடை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பக்கத்தில் பித்தளைச் சொம்பு, எதிரே கைகட்டி நிற்கும் கூட்டம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொங்குக் கிராமத்தின் அமைப்பு இதற்கு அவ்வளவு தோதானது இல்லை. இங்கே நிலம் உள்ளவர்களின் வீடுகள் ஒரே தெருவில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதில்லை. கிணறு இருக்கும் இடத்தில் தோட்டம், தோட்டத்துக்குள் சாளை என்கிற தோட்டத்து வீடு, சாளையை ஒட்டி மாடு கட்டும் கட்டுத்தாரை. அடுத்த சாளைக்குப் போக நாலு வரப்பு தாண்ட வேண்டும். 'ஊரார்' என்று கூடி நிற்கும் கும்பலை அன்றாட வாழ்க்கையில் பார்ப்பதே அரிது. இருந்தும், பையன் ஈரோட்டில் யாரோடு டீ குடித்தான் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் அம்மாவின் காதுக்கு வந்துவிடும். அதைக் கொண்டுவருவது உறவு. குலதெய்வக் கோயில், பங்காளிகள், மாமன் மச்சான், சீர் செய்யும் முறை என்று அந்த வலை போகிறது. 24 நாடுகளாக இருந்த கொங்கில் நாட்டுக் கவுண்டர், பட்டக்காரர் என்ற அதிகார வரிசை ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது. சினிமா அதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. இன்றைய அழுத்தம் அங்கிருந்து வருவதில்லை.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் கல்யாண மண்டபத்து வாசலில் போட்டிருக்கும் மேசையைக் கவனியுங்கள். நீளவாட்டு நோட்டு, மூலைகளில் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், இன்னொருவர் எழுதுவார். எழுதுகிறவர் பெயரை மட்டும் கேட்டு விட்டுவிட மாட்டார். எந்த ஊர், எந்தத் தோட்டம், யார் மகன் என்று மூன்றும் வந்தால்தான் பேனா நகரும். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வீட்டில் அந்த நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருவார்கள். நாம் வைத்தது எவ்வளவு, அவர்கள் வைத்தது எவ்வளவு, வர வேண்டியவர்களில் யார் வரவில்லை. சாதிக்கு வெளியே கல்யாணம் செய்தவன் வீட்டு விசேஷத்தில் எவரும் எழுந்து தீர்ப்புச் சொல்வதில்லை. நோட்டில் பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை அவனுக்குப் பத்திரிகை வராது. கேட்டால் 'விட்டுப்போச்சுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இந்தச் சிரிப்பைப் படம் பிடிப்பது கடினம். மரத்தடித் தீர்ப்பைப் படம் பிடிப்பது சுலபம்.

மொய் என்றதும் 'சின்னக் கவுண்டர்' (1992) நினைவுக்கு வராமல் இருக்காது. ஆர்.வி. உதயகுமார் இயக்கம், விஜயகாந்த், சுகன்யா. கடனை அடைக்க அந்தப் பெண் மொய் விருந்து வைக்கிறாள். சின்னக் கவுண்டர் வந்து உண்டுவிட்டு மொய்யாகத் தாலியை வைக்கிறார். ஒரு சிறு திருத்தம்: மொய் விருந்தைப் பந்தல் போட்டு வரிசையாக நடத்தும் வட்டாரம் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம். எங்கள் ஊரில் மொய் உண்டு, அதற்கென்று தனி விருந்து வழக்கமில்லை. சினிமா அதை இங்கே கொண்டுவந்து நட்டது. அது பெரிய குற்றமில்லை. நான் பார்க்கச் சொல்வது வேறு. ஏழைப் பெண்ணைக் கட்டுவது ஊர் வழக்கத்தை மீறும் செயல்தான். ஆனால் அதைச் செய்பவர் ஊரின் உச்சியில் இருப்பவர். அவர் வழக்கத்தை மீறினால் அதற்குப் பெயர் பெருந்தன்மை. பந்தியில் இலை போட்டவனோ தண்ணீர் ஊற்றியவனோ அதே காரியத்தைச் செய்திருந்தால் அது வேறு படமாகியிருக்கும், சோகப் படமாக.

'நாட்டாமை' (1994) விஷயத்துக்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. கதை ஈரோடு சௌந்தர், இயக்கம் கே.எஸ். ரவிக்குமார், அண்ணன் தம்பி இருவராகவும் சரத்குமார். மூத்த தலைமுறை நாட்டாமை தன் சொந்த உறவுக் குடும்பத்தையே 18 வருஷம் ஊரைவிட்டுத் தள்ளிவைக்கிறார். அடுத்த தலைமுறை நாட்டாமை தன் தம்பியையே தள்ளிவைக்கிறார். கடைசியில் தான் சொன்ன தீர்ப்பு தவறு என்று தெரிந்த கணத்தில் அவர் உயிர் போகிறது. தெலுங்கில் மறு வருஷமே எடுத்தார்கள், அங்கும் பெரும் வெற்றி.

இதில் நாயகன் ஊருக்கு எதிராக நிற்கிறானா? தள்ளிவைக்கப்பட்ட தம்பி, செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்றவன், தீர்ப்பை ஏற்றுக்கொண்டு தலைகுனிந்து வெளியேறுகிறான். அண்ணன் வாக்குத்தான் சட்டம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. படத்தின் கேள்வி 'தீர்ப்பு சரியா' என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு மனிதன் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவனுக்குத் தண்ணீர் தராதே, பேசாதே என்று சொல்லலாமா என்ற கேள்விக்குப் படம் வருவதே இல்லை. நாட்டாமை இறந்துபோவதால் பார்வையாளர் அழுகிறார். அழுது முடித்ததும் தள்ளிவைக்கும் முறை எந்தச் சேதாரமும் இல்லாமல் மறுபடி நிமிர்ந்து நிற்கிறது. தப்பு ஆளுடையது, முறையுடையது அல்ல என்று முடித்துவிடுகிற சாமர்த்தியம் இது. திரைக்கதையாகப் பார்த்தால் அபாரம். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் தொலைக்காட்சியில் போட்டால் நகர முடிவதில்லை. எனக்கும்தான்.

அதே படத்தில் கவுண்டமணி, செந்தில் பெண் பார்க்கப் போகும் காட்சியில், இத்தனை கலாட்டா நடக்கும்போது ஒரு மூலையில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டே இருப்பார் ஒருவர். வேடிக்கை பார்ப்பவர்களைக் கேலி செய்ய இன்றும் அவர் படத்தைத்தான் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஊர் அழுத்தம் என்பது எப்படி நடக்கிறது என்று அந்தப் படத்தில் சரியாகக் காட்டப்பட்ட ஒரே ஆள் அவர்தான். தள்ளிவைப்பு நடக்க நாட்டாமை ஒருவர் போதாது. மிக்சர் தின்பவர்கள் நூறு பேர் வேண்டும்.

இதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே இதைவிடக் குறும்பான ஒரு படம் வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. கோபி அருகே வெள்ளாங்கோயிலில் பிறந்த பாக்யராஜ் எடுத்த 'முந்தானை முடிச்சு' (1983). ஆசிரியைக்கு இது சொந்த ஊர்ப் படம் மாதிரி. மனைவியை இழந்து கைக்குழந்தையோடு ஊருக்கு வரும் வாத்தியார். அவரைக் கட்டியே தீர்வது என்று முடிவு செய்யும் பரிமளம், ஊர்வசி. வாத்தியார் மசியவில்லை. பரிமளம் என்ன செய்கிறாள்? அவர் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் பஞ்சாயத்தில் பொய் சொல்கிறாள். குழந்தையைத் தாண்டிச் சத்தியமும் செய்துவிடுகிறாள். ஊர் கூடி வாத்தியார் கழுத்தில் கல்யாணத்தைக் கட்டுகிறது.

மற்ற நாயகிகள் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒடுங்கும்போது, இவள் ஊர்ப் பேச்சைத் தன் ஏவலாள் ஆக்கிக்கொள்கிறாள். பெண்ணின் கற்பு என்று வந்தால் ஊர் விசாரிக்காது, உடனே தீர்ப்புச் சொல்லிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அவசரத்தை வைத்தே தனக்கு வேண்டியதைச் சாதிக்கிறாள். அவள் செய்வது அநியாயம். ஒருவனுக்கு விருப்பமில்லாத கல்யாணம். படமும் அதை மறைக்கவில்லை. ஆனால் ஊரின் நீதி எவ்வளவு எளிதில் ஏமாறும் என்று இந்த அளவுக்குப் போட்டு உடைத்த வெகுஜனப் படம் தமிழில் குறைவு. முருங்கைக்காய் நகைச்சுவையில் எல்லோரும் இதைக் கோட்டை விட்டுவிட்டார்கள். பிறகு படம் பயந்துபோகிறது. இவ்வளவு துணிச்சல்காரி மன்னிக்கப்பட வேண்டுமானால் பெரிய விலை தர வேண்டும் என்பதுபோல, தனக்கென்று பிள்ளையே வேண்டாம் என்று அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகும் தியாகியாக அவளை மாற்றிய பிறகுதான் கதைக்கு நிம்மதி வருகிறது. மாணவர்களிடம் இந்த இடத்தில் படத்தை நிறுத்திக் கேளுங்கள்: பரிமளம் அப்படியே, திருந்தாமல், சந்தோஷமாக வாழ்ந்திருந்தால் படம் ஓடியிருக்குமா?

தொழில் விஷயத்துக்கு வருகிறேன். விக்ரமன் இயக்கிய 'சூர்யவம்சம்' (1997). படிப்பு ஏறாத மகன் சின்னராசு, அவனைக் கண்ணிலேயே காண விரும்பாத தகப்பன் சக்திவேல் கவுண்டர், இரண்டும் சரத்குமார். தகப்பன் ஒப்பாத கல்யாணம் செய்துகொண்டு மகன் தனியாகப் போகிறான். அதன் பிறகு வருகிறது 'நட்சத்திர ஜன்னலில்' பாட்டு. பாட்டுத் தொடங்கும்போது ஒன்றுமில்லாதவன், முடியும்போது பஸ் முதலாளி, மனைவி கலெக்டர். சிரிக்கிறோம். ஆனால் கரூர், நாமக்கல், திருப்பூர்ப் பக்கத்தில் யாரும் முழுக்கச் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் பாட்டின் வேகம்தான் பொய், பாதை நிஜம். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வாங்கி வட இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், நாமக்கல்லில் ஒரு லாரியில் தொடங்கியவர்கள், திருப்பூரில் கைமடிக்கிற வேலைக்கு வந்து பனியன் கம்பெனி வைத்தவர்கள் எல்லாம் இந்த மண்ணில் உண்டு. தனியாக முடிவெடுத்து இறங்குபவன் இங்கே கலகக்காரன் அல்ல, முன்னுதாரணம்.

அதனால்தான் சூர்யவம்சத்தின் தீர்வு பணமாக இருக்கிறது. மகன் தன் விருப்பப்படி கல்யாணம் செய்தது சரியா என்று தகப்பனும் மகனும் ஒரு காட்சியிலாவது உட்கார்ந்து பேசினார்களா? இல்லை. மகன் ஜெயித்தான், ஜெயித்தவனிடம் கேள்வி கேட்க ஒன்றுமில்லை. பஸ் கம்பெனி நொடித்துப்போயிருந்தால் அதே கல்யாணம் என்றென்றும் குற்றமாகவே இருந்திருக்கும். தொழிலில் ஜெயிப்பதுதான் கொங்கில் கிடைக்கும் பாவமன்னிப்பு, அதைப் படம் தன்னை அறியாமல் சொல்லிவிடுகிறது.

இதே கணக்கு நிஜ வாழ்க்கையில் எப்படி நடக்கும் என்று பார்க்கக் கோவை அருணாசலம் முருகானந்தம் போதும். 1998-ல் மனைவி பழைய துணியை ஒளித்துவைத்ததைப் பார்த்து, மலிவு விலை நாப்கின் செய்யக் கிளம்பியவர். சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்காமல், கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர்ப் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, தானே அணிந்துகொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். மனைவி பிரிந்துபோனார், அம்மாவும் கிளம்பிவிட்டார், அக்கம்பக்கத்தில் பேய் பிடித்தவன் என்றார்கள். இயந்திரம் வெற்றி பெற்றது, 2016-ல் பத்மஸ்ரீ வந்தது, பிரிந்தவர்களும் வந்தார்கள். ஒரு பட்டறைக்காரர் புது இயந்திரம் செய்வதை எவரும் தடுக்கவில்லை. அது பெண்களின் தீட்டு சம்பந்தப்பட்டது என்பதில்தான் ஊர் மிரண்டது. சூர்யவம்சத்தை விடப் பத்து மடங்கு வலுவான கதை, கோவையிலேயே நடந்தது. அதைப் பெரிய திரைக்குக் கொண்டுபோனது இந்தி சினிமா. 2018-ல் அக்‌ஷய் குமாரை வைத்து பால்கி எடுத்த 'பேட்மேன்' கதையை மத்தியப் பிரதேசத்துக்கு மாற்றிவிட்டது. கோவையின் பட்டறைகளும், கொங்கு வீட்டின் அம்மா மகன் உறவும் அதில் இல்லை.

ஈரோட்டுப் பெரியாரை இங்கே சொல்லாமல் போக முடியாது. சிறுவயதில் விதவையான தங்கை மகளுக்கு வீட்டார் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தவர் அவர். 2007-ல் ஞான ராஜசேகரன் எடுத்த படத்தில் பெரியாராகக் கோவைக்காரரான சத்யராஜ் நடித்தார். ஒரே ஒரு குறிப்பு: பெரியார் ஈரோட்டின் பெரிய வணிகக் குடும்பத்துப் பிள்ளை. விலகி நிற்பதற்கு ஆகும் செலவை அவரால் தாங்க முடிந்தது. இது அவர் பெருமையைக் குறைப்பதற்காகச் சொல்வது அல்ல. விலகுவதற்குச் செலவு உண்டு, அதை யார் தாங்க முடியும் என்பதுதான் இந்தப் படங்களைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் செலவு உயிராகவும் இருந்திருக்கிறது. 2015 ஜூனில் திருச்செங்கோட்டில், வேறு சாதிப் பெண்ணோடு கோயிலுக்கு வந்து பேசிக்கொண்டிருந்ததற்காகப் பொறியியல் படித்த தலித் இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பஸ் நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், கல்யாணமான சில மாதங்களிலேயே ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கேமரா பதிவை நாடே பார்த்தது. மரத்தடியும் இல்லை, சொம்பும் இல்லை, நாட்டாமையும் இல்லை. இரண்டுமே வாகனத்தில் வந்தவர்கள் செய்தவை. முப்பது வருஷமாக ஆலமரத்தைக் காட்டிக்கொண்டிருந்த சினிமாவிடம் இதைக் காட்டுவதற்கான மொழி இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. மாறாக, 2024-ல் வந்த 'கவுண்டம்பாளையம்' போன்ற படம் சாதி கடந்த காதலையே நாடகம் என்று சந்தேகிக்கும் பெற்றோர் பக்கம் நின்றது. அந்தப் படத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன்: நாட்டாமை பூசி மெழுகியதை இது வெளிப்படையாகப் பேசியது. தனிமனித விருப்பத்தைவிட இரத்தம் முக்கியம் என்று நம்புகிறவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நேர்மையான ஆவணம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. விவசாயம் பார்க்கும் பையனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை என்றானபோது, முப்பத்தைந்து தாண்டிய மாப்பிள்ளைகளுக்குத் தரகர் வைத்துப் பாலக்காட்டுப் பக்கம் பெண் எடுத்தார்கள் எங்கள் ஊர்களில். மொழி வேறு, சாதி வேறு, குலம் கோத்திரம் ஒன்றும் பொருந்தாது. அந்த மருமகள்கள் இன்று ஊர்த் திருவிழாவில் மாவிளக்கு எடுக்கிறார்கள். குலவழக்கம் வளையாது என்பது பொய். யாருடைய தேவைக்கு வளையும் என்பதுதான் சங்கதி. இதை வைத்து நல்ல நகைச்சுவைப் படம் எடுக்கலாம், எடுப்பவர்தான் வேண்டும்.

இனி சோறும் நாற்காலியும்.

'சேத்துமான்' (2022), தமிழ் இயக்கியது, பா. ரஞ்சித் தயாரிப்பு, பெருமாள்முருகனின் சிறுகதையிலிருந்து எடுத்தது, நேரடியாக இணையத்தில் வெளியானது. பண்ணாடி, அதாவது நிலக்காரன், வெள்ளையனுக்குப் பன்றிக்கறி தின்ன ஆசை. அவ்வளவுதான் கதை. வீட்டில் மனைவி ஏசுகிறாள், சாதிசனம் கேட்டால் மானம் போகும். ஆசையை விடவும் முடியவில்லை, வெளியே சொல்லவும் முடியவில்லை. தன்னிடம் கூலிக்கு இருக்கும் பூச்சியை வைத்து, நாலு பேர் கூட்டுச் சேர்ந்து, காட்டுக்குள் ஒளிந்து சமைக்க ஏற்பாடு. பூச்சிக்கோ ஒரே நோக்கம்தான்: பேரன் குமரேசனைப் படிக்கவைத்துவிட வேண்டும்.

நிலமும் சாதியும் கையில் இருக்கிற வெள்ளையனும் ஊருக்குப் பயந்தவன் என்பதை இந்தப் படம் காட்டுகிறது. ஒரு துண்டுக் கறிக்காக அவன் நெளிவது சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. ஆனால் அவன் ஆசைக்கு ஆகும் செலவு அவன் கணக்கில் எழுதப்படுவதில்லை. பங்காளிப் பகை வெடிக்கும்போது விலை கொடுக்கிறவர் பூச்சி. சின்னக் கவுண்டர் வழக்கத்தை மீறினால் ஊர் கொண்டாடுகிறது. வெள்ளையன் மீறினால் வேலைக்காரன் போகிறான். முப்பது வருஷ இடைவெளியில் இரண்டு படமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதுபோல எனக்குத் தோன்றும். கொங்குப் பேச்சு அச்சு அசலாக வருவதற்கே இன்னொரு முறை பார்க்கலாம். வெள்ளையனாக நடித்த பிரசன்னா பாலச்சந்திரன் இந்தப் பக்கத்து ஆள்.

'மாமன்னன்' (2023) சேலம், ராசிபுரம் பக்கத்துக் காற்றில் நடக்கும் படம். படத்தில் ஊர் பெயர் காசிபுரம், தனித்தொகுதி. மாரி செல்வராஜ் இயக்கம். எம்.எல்.ஏ. மாமன்னனாக வடிவேலு. கட்சியின் மாவட்டப் பெருந்தலை ரத்னவேலாக பகத் ஃபாசில். சமாதானம் பேச ரத்னவேல் வீட்டுக்கு மாமன்னனும் மகன் அதிவீரனும் போகிறார்கள். மகனுக்கு இருக்கை காட்டப்படுகிறது. தகப்பன் நிற்கிறார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். நிற்பது அவருக்குப் பழகிவிட்டது. ரத்னவேலின் அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் அவர் நின்றுதான் பேசியிருக்கிறார். மகன் உட்காரச் சொல்கிறான். வடிவேலுவின் கை வேட்டியைப் பற்றுகிறது, கண் ரத்னவேலின் முகத்துக்குப் போகிறது, உடம்பு உட்காருவதா வேண்டாமா என்று தடுமாறுகிறது. இருபது வருஷம் நம்மைச் சிரிக்கவைத்த அதே உடம்பு. கூனிக் குறுகும் அந்த அசைவுகளைத்தான் முன்பு நகைச்சுவை என்று ரசித்தோம் என்ற எண்ணம் வரும்போது கொஞ்சம் கூசுகிறது.

மரத்தடித் தீர்ப்பை எதிர்க்கும் நூறு வசனங்களால் முடியாததை இந்தக் காட்சி செய்கிறது. அழுத்தம் என்பது மேலிருந்து வரும் கட்டளை மட்டும் இல்லை, முதுகெலும்புக்குள் இறங்கிவிட்ட பழக்கம் என்று ஒரு நாற்காலியை வைத்தே சொல்லிவிடுகிறது. அதன் பிறகு படம் துப்பாக்கி, தேர்தல் என்று வழக்கமான பாதைக்குப் போய்விடுகிறது. மாமன்னன் சபாநாயகர் நாற்காலியில் உட்காருவதோடு முடிகிறது. ராசிபுரத்திலும் அவிநாசியிலும் வென்ற ப. தனபால் 2012 முதல் 2021 வரை சட்டமன்றச் சபாநாயகராக இருந்ததைப் பலரும் அப்போது நினைவுபடுத்தினார்கள். எனக்கு அந்த முடிவு முழுத் திருப்தி தரவில்லை. மறுபடியும் உச்சிக்குப் போனால்தான் உட்கார முடியும் என்ற பழைய கணக்கு பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. எம்.எல்.ஏ. ஆகாத ஒருவர், ஒரு கூலிக்காரர், அந்த வீட்டில் உட்கார முடியுமா என்பது கேட்கப்படவில்லை.

பெண்களின் பக்கம் சினிமா செய்தது சொற்பம். பெரிய திரையைவிட யூடியூபில் வந்த 'அம்முச்சி' (2020) இங்கே பரவாயில்லை. நக்கலைட்ஸ் குழுவினர் எடுத்த தொடர். மேலே படிக்க நினைக்கும் பெண்ணுக்கும் கல்யாணத்தை அவசரப்படுத்தும் வீட்டுக்கும் நடக்கும் இழுபறி. வில்லன் கிடையாது. எல்லோரும் பாசக்காரர்கள், நல்லதுதான் நினைக்கிறார்கள், சோறு போட்டுக்கொண்டேதான் பேசுகிறார்கள். கொங்கு வீட்டின் அழுத்தம் இந்த ருசியில்தான் வரும். அப்பாருவும் (தாத்தா) அம்முச்சியும் (பாட்டி) திட்டினால் எதிர்த்துப் பேசலாம், கெஞ்சினால் என்ன செய்வது?

ஆகவே மன்றத்துக்கு நான் சொல்வது இது. நான்கு வாரம் கிடைத்தால் முந்தானை முடிச்சு, நாட்டாமை, சேத்துமான், மாமன்னன், இதே வரிசையில். சூர்யவம்சத்தைப் படமாகப் போட வேண்டாம், எல்லோரும் பார்த்ததுதான். அந்த ஒரு பாட்டை மட்டும் நாட்டாமைக்கு முன்னால் ஓடவிடுங்கள். நாட்டாமையைக் கேலி செய்வதற்காகப் போடாதீர்கள். மாணவர்கள் சிரித்துவிட்டு 'அந்தக் காலம்' என்று சொல்லிப் போய்விடுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். படம் முடிந்ததும் அவரவர் வீட்டு மொய் நோட்டைப் பற்றிக் கேளுங்கள்: யார் பெயர் ஒரு காலத்தில் இருந்து, பிறகு காணாமல் போனது, ஏன். முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் தொடங்கிவிட்டால் மணி அடித்தாலும் நிற்காது. ஆசிரியைக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருப்பார்கள். மாமன்னன் நாளில் யார் வீட்டில் யார் நின்றார்கள் என்று யாரையும் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். அதை எழுதித் தரச் சொல்லுங்கள், பெயர் போடாமல்.